ஒரு குச்சி நீளமான கதை

மனிதன் கையில் குச்சி எடுத்து எத்தனை ஆயிரம் வருஷம் ஆகியிருக்கும்? கண் தெரியாத ஒருவர் தரையைத் தட்டித் தட்டி நடக்க அதைப் பயன்படுத்தியதும் கிட்டத்தட்ட அதே அளவு பழசாகத்தான் இருக்கணும். ஆனால் அந்தக் குச்சி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், எப்படி ஆட்டினால் பலன் தரும் என்று ஒருத்தர் உட்கார்ந்து யோசித்து, தானே சோதித்துப் பார்த்து, அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடிய முறையாக ஆக்கியது எப்போது தெரியுமா? 1944ல். ரேடார் வந்தாச்சு. எனியாக் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு அடுத்த வருஷம் அணுகுண்டே வெடித்துவிட்டது. குச்சிக்கு அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

இதை முதன்முதலாகப் படித்ததிலிருந்து மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. இதில் தொழில்நுட்பத் தடை எதுவும் கிடையாது. மூங்கில் எப்போதும் இருந்தது. பிரம்பு இருந்தது. அப்புறம் எது இல்லாமல் இருந்தது?

நம்மூர் இரட்டைப் புலவர்கள் கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவருக்குக் கால் நடக்காது. கண் தெரியாதவர் தூக்கிச் சுமப்பார், தோளில் உட்கார்ந்திருப்பவர் வழி சொல்வார். அழகான கதைதான். ஆனால் பார்வையற்ற ஒருவர் வெளியே போவதென்றால் நம் மனசில் பதிந்திருக்கும் படம் இதுதான். வழிசொல்ல ஒருத்தர் கூடவே வேண்டும். உலகம் முழுக்கவே இந்தப் படம்தான் இருந்தது. விதிவிலக்குகள் உண்டு. ஜேம்ஸ் ஹோல்மன் என்று ஒரு ஆங்கிலேயக் கடற்படை லெப்டினன்ட், 1786ல் பிறந்தவர், 25 வயதில் பார்வை போனது. மனுஷன் அதற்கப்புறம்தான் உலகம் சுற்றவே கிளம்பினார். இரும்புப் பூண் போட்ட கைத்தடியால் தரையைத் தட்டி, திரும்பி வரும் ஓசையை வைத்தே சுவர் எங்கே, சந்து எங்கே என்று கண்டுபிடிப்பார். சைபீரியா வரை போய், ரஷ்ய அரசாங்கம் ஒற்றன் என்று சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பியது. தனியாக ஒரு பதிவு போடவேண்டிய ஆசாமி. ஆனால் ஹோல்மனை உலகம் அதிசயமாகத்தான் பார்த்ததே தவிர, "அட, இதை எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கலாமே" என்று யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்து குச்சிக்கு நடந்தது ஒரு பெயிண்ட் வேலை. 1921ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜேம்ஸ் பிக்ஸ் என்ற போட்டோகிராபர் ஒரு விபத்தில் பார்வை இழந்தார். தெருவில் கார்கள் பெருகிக்கொண்டிருந்த காலம். வண்டிக்காரர்களுக்குத் தான் இருப்பது தெரியட்டும் என்று கைத்தடிக்கு வெள்ளையடித்துக்கொண்டார். 1930ல் அமெரிக்காவின் பியோரியா ஊரில் லயன்ஸ் கிளப்காரர்கள் இதே யோசனையை எடுத்துக்கொண்டு, வெள்ளைக்கோலோடு வருபவருக்கு வண்டிகள் வழிவிட வேண்டும் என்று நகராட்சி விதியே வாங்கினார்கள். 1931ல் பாரிஸில் கில்லி தெர்பெமோன் என்ற சீமாட்டி ஆயிரக்கணக்கில் வெள்ளைக்கோல்களை இலவசமாக வழங்கினார்.

நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வெள்ளை நிறம் யாருக்குத் தெரியும்? பார்வை உள்ளவர்களுக்கு. அதாவது குச்சியை வைத்திருப்பவருக்கு அது ஒரு தகவலும் தரவில்லை. "இவருக்குக் கண் தெரியாது, ஒதுங்கிப் போங்கள்" என்று மற்றவர்களுக்குச் சொல்லும் போர்டு, அவ்வளவுதான். நம்ம மொழியில் சொன்னால் அவுட்புட் மட்டும் உண்டு, இன்புட் கிடையாது :-) குட்டையான, வளைந்த கைப்பிடி வைத்த, ஊன்றுவதற்கான அதே பழைய கைத்தடிதான்.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே லண்டனில் இன்னொரு வேலை ஆரம்பமாகியிருந்தது. ஆர்தர் பியர்சன் பெரிய பத்திரிகை முதலாளி, 1900ல் டெய்லி எக்ஸ்பிரஸ் நாளிதழைத் தொடங்கியவர். கிளாக்கோமாவில் பார்வை போயிற்று. போரில் பார்வை இழந்து வரும் சிப்பாய்களுக்காக 1915ல் ஒரு பயிற்சி விடுதியை ஆரம்பித்தார். ரீஜண்ட்ஸ் பார்க்கில் இருந்த செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்ற பெரிய பங்களாவுக்கு அது மாறியது, வீட்டின் பெயரே நிறுவனத்துக்கும் பெயராகிவிட்டது. (2012லிருந்து பெயர் பிளைண்ட் வெட்டரன்ஸ் யூகே.)

அங்கே புதிதாக வந்து சேரும் ஆளுக்கு, தடவிப் பார்த்து மணி தெரிந்துகொள்ளும் ஒரு கைக்கடிகாரம் கொடுப்பார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த ஆள் அதுவரை ஒவ்வொரு தடவையும் "மணி என்ன?" என்று நர்ஸைக் கேட்டுக்கொண்டிருப்பான். இனிமேல் கேட்கவேண்டாம். அப்புறம் பிரெய்ல், டைப்ரைட்டிங், மசாஜ், கோழி வளர்ப்பு, செருப்புத் தைப்பது, கூடை முடைவது, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலை என்று வரிசையாகப் பயிற்சிகள். இதில் பலவற்றைச் சொல்லிக்கொடுத்தவர்களும் பார்வையற்றவர்களே. அதே மாதிரி காயம்பட்டு, அங்கேயே படித்து, அங்கேயே வாத்தியார் ஆனவர்கள். 'பாவம்' என்று சொல்லும் நர்ஸைவிட, "நானும் போன வருஷம் உன்னை மாதிரிதான் சுவத்துல முட்டிக்கிட்டேன்" என்று சொல்லும் ஆள் அதிகம் சாதிப்பான் என்று பியர்சனுக்குத் தெரிந்திருந்தது. இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பியர்சன் 1921ல் குளியல் தொட்டியில் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு, தண்ணீரில் மூழ்கி இறந்தார். விதியின் குரூரமான நகைச்சுவை.

பிழைப்புக்கான தொழிலைக் கற்றுக்கொடுத்தார்கள், தன்னம்பிக்கை தந்தார்கள். ஆனால் தெருவில் நடப்பது? அதற்கு மட்டும் முறையான பாடம் என்று ஒன்று வரவில்லை. பெரும்பாலும் யாராவது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஜெர்மனியில் 1916லேயே வழிகாட்டி நாய்களைப் பழக்க ஆரம்பித்து, 1929ல் அமெரிக்காவில் சீயிங் ஐ பள்ளி வந்தது உண்மை. ஆனால் நாய் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது, எல்லாரும் நாய் வைத்துக்கொள்ளவும் முடியாது. ஆக மறுபடியும் குச்சிதான்.

இப்போது 1944. இரண்டாம் உலகப்போரில் சுமார் 1,400 அமெரிக்க வீரர்கள் பார்வை இழந்தார்கள். போதுமான பயிற்சி கொடுக்காமல் இவர்களில் யாரையும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்று அந்த வருஷம் ஜனவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் உத்தரவு போட்டார். (போலியோவால் நடக்க முடியாமல்போன தன் நிலையை ஊருக்குக் காட்டாமல் மறைத்தே ஆட்சி செய்தவர் அவர்.) பென்சில்வேனியாவில் வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனை இதற்கான முக்கிய மையம். அங்கே சார்ஜன்ட்டாக வந்து சேர்ந்தார் ரிச்சர்ட் ஹூவர். போருக்கு முன்னால் மேரிலாண்ட் பார்வையற்றோர் பள்ளியில் கணக்கு வாத்தியார், மல்யுத்தக் கோச் வேறு. பார்வை உள்ளவர்.

ஹூவர் கேட்டது ரொம்ப அடிப்படையான கேள்வி. கைத்தடி எதற்கு? கால் சரியில்லாதவர் ஊன்றி நடக்க. அதனால்தான் அது குட்டை, அதனால்தான் கனம், அதனால்தான் வளைந்த பிடி. பார்வையற்ற வீரனுக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது, அவன் எதற்கு ஊன்ற வேண்டும்? அவனுக்கு வேண்டியது தாங்குகோல் இல்லை, தடவும் கோல். நீளமான ஒரு விரல். அப்படியானால் லேசாக இருக்கணும், தரையிலிருந்து நெஞ்செலும்பு வரை நீளம் இருக்கணும். ஹூவர் தானே கண்ணைக் கட்டிக்கொண்டு மருத்துவமனைத் தாழ்வாரங்களில் நாள்கணக்கில் நடந்து பார்த்து முறையை உருவாக்கினார்.

முறை இதுதான். கையை உடம்புக்கு நடுவில், தொப்புளுக்கு நேராக வைத்துக்கொள்ளணும். மணிக்கட்டை மட்டும் அசைத்து, குச்சியின் நுனியைத் தோள் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இடமும் வலமும் வீசணும். வலது கால் முன்னே போகும்போது குச்சி இடப்பக்கம் தட்டணும். இடது கால் போகும்போது வலப்பக்கம். கேட்டால் குழப்பமாக இருக்கும், ஆனால் அதில்தான் சூட்சுமமே. வலது காலை வைக்கிற அந்த நொடியில், அடுத்து இடது கால் விழப்போகும் இடத்தைக் குச்சி சோதித்து முடித்திருக்கும். எப்போதும் ஒரு அடி முன்னால். சோதிக்காத இடத்தில் கால் படவே படாது.

சும்மா படித்தால் போதாது என்று மொட்டைமாடியில் மாப் கட்டையை வைத்து நானும் முயன்று பார்த்தேன் (பக்கத்து வீட்டு மாமி என்ன நினைத்தாரோ). ஐந்து நிமிஷம் கண்ணைக் கட்டிக்கொண்டால் பார்வையற்றவர் வாழ்க்கை புரிந்துவிடும் என்றெல்லாம் நான் சொல்லவரவில்லை, புரியாது. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம், நீளம் என்ன செய்கிறது என்று. குட்டைக் கம்பை வைத்துக்கொண்டு வேகமாக நடந்தால், கம்பு தொட்டித் திண்டில் இடிப்பதும் என் முழங்கால் இடிப்பதும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நடக்கிறது. கம்பு சொன்ன தகவலால் பிரயோஜனமே இல்லை. நெஞ்சு உயரக் கட்டை என்றால் நடுவில் ஒரு அடி வைக்கும் அளவுக்கு நேரம் கிடைக்கிறது. நிற்க அது போதும். குட்டைக் குச்சிக்காரர் மெதுவாகத்தான் நடந்தாக வேண்டும். அவர் மெதுவாக நடப்பதைப் பார்த்துத்தான் ஊரார் "பாவம், தனியாக விடக்கூடாது" என்று முடிவு கட்டியிருப்பார்கள். கோளாறு ஆளிடம் இல்லை, கம்பின் நீளத்தில்.

அதே 1944ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இன்னொரு புதிர் அவிழ்ந்தது. சுவரை நெருங்கும்போது அது முகத்தில் 'தெரிகிறது' என்று பல பார்வையற்றவர்கள் சொல்வதுண்டு. அதற்கு முகப்பார்வை என்றே பெயர் வைத்திருந்தார்கள். சூபா, காட்சின், டாலன்பேக் மூவரும் ஆராய்ந்தார்கள். இதில் மைக்கேல் சூபாவே பார்வையற்றவர். முகத்தைத் தடிமனான துணியால் மூடினால் அந்த உணர்வு போகவில்லை. காதை அடைத்தால் போய்விட்டது. அது தோல் இல்லை, காது. காலடி ஓசை சுவரில் பட்டுத் திரும்புவதைத்தான் மூளை 'முகத்தில் படுகிறது' என்று காட்டிக்கொண்டிருந்தது. ஹோல்மன் இரும்புப் பூண் போட்டது சும்மா இல்லை. ஆகக் குச்சி தரையைச் சொல்லும், காது சுவரைச் சொல்லும். இரண்டும் சேர்ந்தால் ஒரு ஆள் தனியாக ஊருக்குள் போய்வரலாம்.

போர் முடிந்ததும் இந்தப் பயிற்சி செத்துப்போயிருக்கலாம். 1948ல் சிகாகோ பக்கத்தில் ஹைன்ஸ் மருத்துவமனையில், முன்னாள் வீரர்களுக்காக நிரந்தர மறுவாழ்வு மையம் திறந்தார்கள். தலைவர் ரஸ்ஸல் வில்லியம்ஸ். 1944ல் பிரான்ஸ் போர்முனையில் பார்வை இழந்து, வேலி ஃபோர்ஜில் பயிற்சி பெற்றவர். மேரிலாண்டில் ஹூவரோடு வேலை பார்த்த வாரன் பிளெட்சோ இதற்குப் பின்னணியில் இருந்தார். 1960ல் பாஸ்டன் கல்லூரியில் இதற்கென்றே முதுநிலைப் படிப்பு வந்தது. ஹூவர் டாக்டருக்குப் படித்துக் கண் மருத்துவர் ஆனார்.

சரி, நடக்கக் கற்றாயிற்று. நடக்க உரிமை இருக்கிறதா? இதென்ன கேள்வி என்று தோன்றும். இந்த வழக்கைப் பாருங்கள். லண்டனில் ஜான் ஹேலி என்று ஒரு பார்வையற்ற டெலிபோன் ஆபரேட்டர். தினமும் காலையில் வெள்ளைக்கோலோடு நடைபாதையில் தனியாக நடந்துபோய், மெயின் ரோட்டைக் கடக்க மட்டும் யாரையாவது உதவி கேட்டு, வேலைக்குப் போகிறவர். 1956ல் ஒருநாள் மின்சார வாரியத்து ஆட்கள் அங்கே பள்ளம் தோண்டியிருந்தார்கள். பள்ளத்துக்கு முன்னால் தடுப்பாக, தரை இடிக்கும் நீளமான சம்மட்டி ஒன்றைக் குறுக்கே சாய்த்து வைத்திருந்தார்கள். ஒருபக்கம் தரையில், மறுபக்கம் கம்பிவேலியில். பார்வை உள்ளவர்களுக்கு அது போதும். ஹேலியின் குச்சிக்கு அது சிக்கவில்லை. கணுக்காலுக்கு மேலே இடறி, தலைகுப்புற விழுந்தார். அந்த அடியில் அவருக்குக் காது கேட்காமல் போயிற்று.

மேலே முகப்பார்வை பற்றிச் சொன்னதைச் சேர்த்து யோசித்தால்தான் அவர் என்ன இழந்தார் என்று உறைக்கும்.

நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட்டில் தோற்றார். மேல்முறையீட்டிலும் தோற்றார், அங்கே இருந்தவர் புகழ்பெற்ற டென்னிங் பிரபு. சாதாரணப் பாதசாரிக்குப் போதுமான எச்சரிக்கையை வாரியம் செய்துவிட்டது, பார்வையற்றவருக்கென்று தனியாகச் செய்யவேண்டியதில்லை என்ற ரீதியில் தீர்ப்பு. கடைசியில் 1964ல் பிரபுக்கள் சபை திருப்பிப் போட்டது. லண்டனில் அந்தக் காலத்தில் 7,321 பேர் பார்வையற்றவர்களாகப் பதிவாகியிருந்தார்கள், ஏறக்குறைய 500க்கு ஒருவர். அவர்களில் பலர் தனியாக நடந்துபோகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும், எனவே பள்ளம் தோண்டுகிறவன் அவர்களையும் நினைத்துத்தான் தோண்ட வேண்டும். ஹேலி கவனக்குறைவாக நடக்கவில்லை, குச்சியைச் சரியாகத்தான் பயன்படுத்தினார் என்பதும் கணக்கில் வந்தது.

அமெரிக்காவில் இதே சண்டையைப் பேனாவால் போட்டவர் ஜேகபஸ் டென்புரூக். சின்ன வயதில் அம்பு விளையாட்டில் ஒரு கண் போய், பதின்ம வயதில் மற்றதும் போனவர். பெர்க்லியில் பேராசிரியர். 1940ல் பார்வையற்றவர்களின் தேசியக் கூட்டமைப்பைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். 1966ல் அவர் எழுதிய சட்டக் கட்டுரையின் தலைப்பே 'உலகில் வாழும் உரிமை' என்பதுதான். ஒரு பார்வையற்றவர் மூடாத குழியில் விழுந்தால், "நீ ஏன் தனியாக வெளியே வந்தாய்?" என்று கேட்கிற கோர்ட், அவரை வீட்டில் இருக்கச் சொல்கிறது என்றுதான் அர்த்தம். தெருவையும் பஸ்ஸையும் கட்டடத்தையும் அவருக்கும் சேர்த்துத்தான் கட்ட வேண்டும் என்பது அவர் வாதம். அவர் வடித்த மாதிரிச் சட்டத்தில் எனக்குப் பிடித்த நுணுக்கம், கையில் வெள்ளைக்கோல் இல்லாவிட்டாலும் பார்வையற்ற பாதசாரியின் உரிமை போய்விடாது என்பது. குச்சி உரிமைச் சீட்டு இல்லை, வெறும் கருவி. அக்டோபர் 15ஐ வெள்ளைக்கோல் தினமாக ஜனாதிபதி ஜான்சன் அறிவித்ததும் 1964ல்தான்.

டென்புரூக்கின் சீடர் கென்னத் ஜெர்னிகன், பிறவியிலேயே பார்வையற்றவர், 1958ல் அயோவா மாநில ஆணையத்துக்குத் தலைவர் ஆனார். பழைய ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் பயிற்சி மையம். கொஞ்சம் பார்வை மிச்சம் இருப்பவர்களுக்கும் கண்ணைக் கட்டிவிடுவார்கள், மிச்சப் பார்வையில் தொங்கிக்கொண்டிருக்கக்கூடாது என்பதற்காக. மின்ரம்பத்தில் மரம் அறுக்கணும், சமைக்கணும், ஊருக்குள் தனியாகப் போய் வரணும். வாத்தியார்களிலும் பார்வையற்றவர்கள் உண்டு, நடைப் பயிற்சிக்கும் சேர்த்து.

இங்கேதான் தகராறு. 1960களின் கடைசியில் நடைப் பயிற்சியாளர்களுக்குச் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்த தொழில்முறைச் சங்கம், பயிற்சியாளருக்குக் கண்பார்வை இருந்தாக வேண்டும் என்று விதி வைத்தது. மாணவன் மீது கார் வந்தால் பார்த்துத் தடுக்க வேண்டாமா என்பது காரணம். அந்தக் காரணத்தை முற்றிலும் அற்பம் என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை, ஆனால் அதை ஏற்றால் பயிற்சியின் அடிப்படையே ஆட்டம் காணும். குச்சியும் காதும் போதும் என்று சொல்லிக்கொடுக்கிற பாடத்தை, குச்சியும் காதும் மட்டும் உள்ளவர் நடத்தக்கூடாதாம்! ஃபிரெட்ரிக் ஷ்ரோடர் என்ற பார்வையற்ற இளைஞர் 1970களின் கடைசியில் பல்கலைக்கழகத்தில் முறைப்படி இந்தப் படிப்பை முடித்தார். சான்றிதழ் மறுக்கப்பட்டது. 1994ல் அதே ஆள் அமெரிக்க அரசின் மறுவாழ்வுத் துறைக்கே கமிஷனர் ஆனது தனிக்கதை. 1915ல் பியர்சன் தயங்காமல் செய்த விஷயத்துக்கு அரை நூற்றாண்டு கழித்துச் சண்டை போட வேண்டியிருந்தது.

நம் ஊர்ப் பக்கம் இந்தக் கதைக்கு ஒரு கிளை உண்டு. கிளூத்தா மெக்கன்சி என்ற நியூசிலாந்துக்காரர் 1915ல் கலிப்பொலிப் போரில் 20 வயதில் பார்வை இழந்து, பியர்சனிடம் பயிற்சி பெற்றவர். இரண்டாம் உலகப்போரில் பார்வை இழந்த இந்திய வீரர்களுக்காக 1943ல் டேராடூனில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் விடுதி ஆரம்பமானபோது அதை நடத்தியவர் அவர். 1951ல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்ல் வந்ததிலும் (தமிழும் அதில்தான்) அவருக்குப் பங்குண்டு. 1950ல் இந்திய அரசு அந்த விடுதியை எடுத்துக்கொண்டது. இன்று டேராடூனில் இருக்கும் தேசிய நிறுவனத்தின் விதை அதுதான். அதன் தென்னிந்திய மண்டல மையம் பூந்தமல்லியில் இருக்கிறது. லண்டன் பங்களாவுக்கும் பூந்தமல்லிக்கும் இப்படி ஒரு நூல் ஓடுவது எத்தனை பேருக்குத் தெரியும்?

மெட்ரோ ஸ்டேஷன்களில் காலடியில் மேடு மேடாக மஞ்சள் ஓடு பார்த்திருப்பீர்கள். அது ஜப்பானியர் செய்ச்சி மியாகேயின் கண்டுபிடிப்பு, 1967ல் ஒகயாமா நகரில் முதலில் பதித்தார்கள். கோடு கோடாக இருந்தால் போகலாம், புள்ளி புள்ளியாக இருந்தால் நில். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் சென்னை நடைபாதையில் என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். டிரான்ஸ்பார்மர், பூக்கடை, ஸ்டாண்ட் போட்ட பைக், கழட்டி வைத்த ஸ்லாப். ஹேலியின் சம்மட்டி நம்மூரில் எல்லாத் தெருவிலும் சாய்த்து வைத்திருக்கிறது.

ஹூவர் முறைக்கு ஒரு ஓட்டை ஆரம்பத்திலிருந்தே உண்டு. குச்சி தரையைப் பார்க்கும், மேலே பார்க்காது. லாரியின் பின்பக்கம், திறந்து கிடக்கும் ஜன்னல் கதவு, தாழ்ந்த மரக்கிளை, இதெல்லாம் முகத்தில்தான் வந்து இடிக்கும். அதற்காக டெல்லி ஐஐடியில் பேராசிரியர் பாலகிருஷ்ணன் குழுவினர் பல வருஷம் உழைத்து, 2014ல் ஸ்மார்ட்கேன் என்று ஒன்றை வெளியிட்டார்கள். தயாரிப்பு சென்னையைச் சேர்ந்த பீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். வௌவால் மாதிரி அல்ட்ராசானிக் ஒலி அனுப்பி, மூன்று மீட்டர் தூரம் வரை எதிரில் என்ன இருக்கிறது என்று கைப்பிடியில் அதிர்ந்து சொல்லும். வெளிநாட்டு மாடல்களோடு ஒப்பிட்டால் விலை கொள்ளை மலிவு. அதைத் தனியாகக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க முடியாது, மடக்குகிற சாதாரண வெள்ளைக்கோலின் தலையில் மாட்ட வேண்டும். முழங்காலுக்கு மேலே இருப்பதைத்தான் அது பார்த்துக்கொள்ளும். கீழே இருக்கும் படி, பள்ளம், கழட்டி வைத்த ஸ்லாப் எல்லாம் இன்றைக்கும் குச்சியின் பொறுப்புதான்.